பெயிண்ட் டப்பா இறங்கும் சத்தம்

தூக்குவதை எந்தத் தடியனும் செய்துவிடுவான், இறக்குவதுதான் வேலை என்று பஞ்சு மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்வார். வீடு மாற்றுபவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. மாடியிலிருந்து கயிறு கட்டி அவர் பீரோவை இறக்கினால், அது தரையைத் தொட்டது கீழே நிற்கிறவனுக்கே தெரியாது. ஒருமுறை கண்ணாடி அலமாரி ஒன்றை, வீட்டுக்காரம்மா உள்ளே மறந்துவிட்ட கோப்பைகளோடு இறக்கினார். ஒரு கோப்பைகூட ‘கிணுங்’ என்று சொல்லவில்லை. அன்றைக்கு லோடு ஆட்கள் வைத்த பெயர்தான் பஞ்சு. நிஜப் பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் குச்சி. நூலகத்தில் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்துவது அவள் வேலை. எந்தக் கைக்கடிகாரமும் அவள் மணிக்கட்டில் நிற்காமல் வளையம் மாதிரி சுற்றும். வாரின் கடைசி ஓட்டைக்கு அப்பால் பஞ்சுவே ஆணியைச் சுட்டு இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார். பாட்டில் மூடி இறுகிவிட்டால் அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை பாட்டில் மேசைமேல் காத்திருக்கும். அவர் ஒரு விரல் வைத்துத் திறப்பார், பிறகு அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்.

அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் தவறவிட்டது தன்னைத்தான். சொந்தக் குளியலறையில், சோப்பு நுரையில் வழுக்கி முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால்களில் உணர்ச்சி இருந்தது, பலம் இல்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு யாராவது அவரை மாற்றி உட்கார வைக்க வேண்டும். முழங்காலை எப்படி மடக்குவது, முதுகை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் இடுப்பில் கட்டி இருபக்கமும் பிடித்துக்கொள்ள ஒரு பட்டை வேண்டும் என்றார்கள். குளிர்சாதனப் பெட்டி சுமக்கும் அவருடைய தொழில் பட்டையையே கட்டினாள்.

முதல் நாள் தூக்கிவிட்டாள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நாற்காலிக்கு ஒரு சாண் இருக்கும்போது அவள் மணிக்கட்டு இரண்டும் மடங்கிப் பட்டை கைநழுவியது. நாற்காலியின் கைப்பிடியில் இடுப்பு இடிக்க, அவர் தொப்பென்று விழுந்தார். வலி அன்று மாலையே போய்விட்டது. பயம் போகவில்லை. இத்தனை வருஷம் கயிற்றின் மேல்முனையில் நின்றவர், கீழ்முனையில் தொங்குகிற சாமானின் பாடு என்ன என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

“விட்டுடு குச்சி. இது உன்னால ஆகாது. அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்” என்றார்.

அதன்பின் அவர் தம்பிதான் காலையும் மாலையும் ஒரு லோடு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து மாற்றிவிட்டுப் போனான். எத்தனை நாளைக்கு வருவான்? நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றை அவனே விசாரித்தான். ஒரு கட்டில் காலியானதும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். பஞ்சு சரி என்றார். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் வாழ்ந்தவளை விட்டுப் போக மனசே இல்லை. ஆனாலும் அந்த ஒரு சாண் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. மறுநாள் டீயை நீட்டியபடியே கேட்டாள்.

“தூக்கும்போது பிடி நின்னுச்சு. இறக்கும்போதுதான் மணிக்கட்டு விட்டுடுச்சு. அதுக்கு என்ன பண்ணணும்? அதை மட்டும் சொல்லுங்க.”

அவள் வாயை அடைக்கத்தான் அவர் அதைச் செய்து கொடுத்தார். மாப்புக் கட்டையிலிருந்து முழ நீளம் வெட்டி, மடியில் வைத்து நடுவில் துளை போட்டார். துளையில் கயிற்றைக் கோத்து, மறுமுனையில் பழைய பெயிண்ட் டப்பாவைக் கட்டினார். டப்பாவில் ஒரு கைப்பிடி மணல். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டால் மட்டும் திருகித் திருகிக் கயிற்றைச் சுற்ற வேண்டும். டப்பா மேலே வந்ததும், அதேபோலத் திருகித் திருகிக் கீழே விட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் இதைச் செய்து கை தேறியவர்தான்.

முதல் நாள் அவர் எதிரிலேயே செய்து பார்த்தாள். அவர் வாய் சும்மா இருக்குமா? கோழி இறக்கை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவள் கட்டையைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அதன்பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் சத்தம் மட்டும்தான். நூலகத்துக்குக் கிளம்புமுன் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். கொஞ்ச நேரம் எதுவும் கேட்காது, பிறகு டமார். எல்லாரையும் போல அவளும் ஏற்றிவிடுவாள், இறக்கும்போது பாதியில் கைவிட்டுவிடுவாள். பஞ்சு கட்டிலில் படுத்தபடி, கூரையைப் பார்த்து, “போச்சு” என்பார்.

கீழ்வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் கூரையைக் கம்பால் இடித்தார். அவள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, டப்பாவில் இன்னும் கொஞ்சம் மணல் போட்டாள்.

பிறகு ஒருநாள் சத்தம் நின்றது. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போயும் இல்லை. கீழ்வீட்டுக்காரரே மேலே ஏறிவந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தது மட்டும் உள்ளே கேட்டது. பஞ்சுவுக்குக் கோபம் வரவில்லை. பாவம், எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவாள் என்று நினைத்துக்கொண்டார். விடுதியிலிருந்து கட்டில் காலியாகிவிட்டது என்று போன் வந்ததும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பியை வண்டியோடு வரச் சொன்னார்.

தம்பி வந்தான். துணிப்பையையும், பஞ்சு விடாப்பிடியாகக் கேட்ட இரும்பு டூல் பெட்டியையும் வண்டியில் வைத்துவிட்டு மேலே வந்தான். லோடு ஆளும் அவனும் கட்டிலின் இருபக்கமும் நின்று குனிந்தபோது, நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவள் வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, கொஞ்சம் தள்ளுங்க. நான் மாத்துறேன்.”

தம்பி அண்ணனைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் பஞ்சு வாயெடுத்தார். அதற்குள் அவள் பட்டையை அவர் இடுப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். கடிகார வாரில் அவர் ஆணி சுட்டுப் போட்ட ஓட்டை காலியாக இருந்தது, கொக்கி அதற்கு முந்தைய ஓட்டையில் மாட்டியிருந்தது. பட்டையை அவள் இறுக்கிப் பிடித்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு நரம்பு முறுக்குக் கயிறு போல எழுந்து நின்றது. இது எப்போது வந்தது? கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்த மனிதருக்கு என்ன தெரியும்?

தூக்கினாள். கட்டில் அவரை விட்டது. பஞ்சு கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு சாண், ஒரு சாண் என்று மனசு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடிக்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை. அவள் கை தளர்வதற்குள் முடித்துவிட வேண்டுமே என்ற பதைப்பு தாங்கவில்லை.

“ஏன் அப்படியே நிக்கிற? இறக்கு.”

“இறக்கியாச்சுங்க.”

கண்ணைத் திறந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே லோடு ஆள் வாயைப் பிளந்து நின்றான். பஞ்சு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார், இருக்கையை அழுத்திப் பார்த்தார். பிறகு அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். அவள் ஒரு கையில் எடுத்துவந்து அவர் கால்மாட்டில் வைத்தாள். அது தரையைத் தொட்டது யாருக்கும் கேட்கவில்லை. டப்பா வாய்வரை மணல்.

தான் இத்தனை காலம் மார்தட்டிக்கொண்ட வேலையெல்லாம் இதன் கால்தூசிக்குக் காணாது என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. பீரோ பயப்படாது. பயந்தவனை இறக்குவது வேறு. அவள் மணிக்கட்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சத்தம் நின்னதும் நீ விட்டுட்டேன்னு நினைச்சேன்” என்றார்.

“நீங்களா அப்படி நினைச்சீங்க?” என்றாள் அவள்.

பஞ்சு தம்பியைப் பார்த்து, சாமான்களைத் திரும்ப மேலே கொண்டுவரச் சொன்னார். தம்பி தலையைச் சொறிந்துகொண்டே போய், துணிப்பையைத் தோளில் மாட்டி, டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தான். கை வலித்ததோ என்னவோ, வாசலிலேயே பெட்டியைப் பொத்தென்று போட்டான். வீடே அதிர்ந்தது. கீழ்வீட்டிலிருந்து கம்பு கூரையை இடித்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் திரும்பி அவனை முறைத்தார்கள்.