ஆறரை வரை வாசற்படி

சிங்காரவேலுவை அவன் பெண்டாட்டி மலர்விழி வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்று பிளாக் முழுக்கப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நைட் ஷிப்ட் வாரங்களில் மனுஷன் ஆறேகாலுக்கு மைன்ஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் படியிலேயே உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். ஹரிணி பிறந்தது ஆபரேஷனில். அடுத்ததற்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மலர்விழிக்கு மாத்திரை போட்டால் மண்டையிடி. காப்பர்-டி வைத்தால் உதிரப்போக்கு. கடைசியில் நர்ஸ் அகிலா இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் வெள்ளைப்படுவதைக் கவனிக்க வேண்டும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், நாக்கடியில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். கருமுட்டை வெளியான பிறகு சூடு இம்மியளவு ஏறும். ஏறி மூன்று நாள் நின்றால்தான் கவலையில்லை. அதுவரை புருஷனுக்குத் தனிப்பாய்.

மைன்ஸில் கரி ஏற்றிப்போகும் பெல்ட் உருளைகளின் சூட்டைப் பார்த்து எழுதுகிறவன் சிங்காரவேலு. மலர்விழியின் சூட்டை தினமும் குறித்துவைக்கும் நோட்டையும் அவனே பொறுப்பெடுத்துக்கொண்டான்.

தப்பு ஒரு நைட் ஷிப்ட் வாரத்தில் நடந்தது. அவன் பெல் அடிக்க, அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வந்து படுத்துச் சூடு பார்த்தாள். நடந்ததால் ஏறிய சூட்டைக் கருமுட்டைச் சூடு என்று இருவரும் நம்பிவிட்டார்கள். அந்த மாதம் நாள் தள்ளிப்போனது. ஒன்பது நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் தூரமானதும் குளியலறையிலேயே நின்று அழுதாள்.

அவன் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாமே என்றால், மூன்றேகாலுக்கு ஹரிணி எழுந்து அழுது படுத்துவாள். அதன் பிறகு மூன்று மணி நேரமாவது தூங்கி எழுந்து சூடு பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்றாள் அகிலா. அதனால்தான் ஆறரை வரை அவன் பெல்லைத் தொடுவதில்லை.

பக்கத்து வீட்டு கோபாலகிருஷ்ணன் ஒருநாள் பஞ்சாயத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, இன்னிக்கும் கதவு திறக்கலையா? பொம்பளைக்கு இவ்வளவு இடம் குடுக்கக் கூடாதுப்பா."

"தூங்கிகினு இருக்குதுங்க. எழுப்ப வேணாம்னுதான்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். ஜன்னல் வழியாக மலர்விழிக்கு எல்லாம் கேட்டது. கதவைத் திறந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"நாளையிலேர்ந்து பெல் அடிச்சிடுங்க. உங்கள இளக்காரமா பேசறாங்க. என்னால தாங்க முடியல."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நோட்டை எடுத்தான்.

"இன்னொருவாட்டி கிழிச்சா உன் வவுத்தத்தான கிழிப்பாங்க? எனக்குப் போனா பேருதான போவும். போவட்டும். இன்னிக்கு எவ்ளோ?"

அவள் தலையணைக்கடியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்து அவனிடம் நீட்டினாள்.