பாண்டுரங்கன் மறைத்த மழை

நான் வேலை பார்த்த இலாகாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் உத்திரமேரூரில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், நாலு மேஜை, நாலு கிளார்க்குகள், அவர்களில் மூத்தவன் நான். வேலை செய்கிற ஒரே ஆள் பியூன் பாண்டுரங்கன்.

அவன் வேலைகளில் ஒன்று மழை அளப்பது. ஆபீஸுக்குப் பின்னால், ஆடு நுழையாதபடி முள்கம்பி கட்டிய வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதன் புனலைக் கழற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மற்ற ஊர்களில் இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். மாசக் கடைசியில் ஒரு கிளார்க் வெற்றிலையை மென்றுகொண்டு, எந்தெந்த நாள் குடை எடுத்துப் போனோம் என்று யோசித்து, முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பார். பாண்டுரங்கன் எழுபத்து மூன்றில் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு காலை தவறியதில்லை. மாகறலில் மச்சினிக்குக் கல்யாணம். விடியற்காலையில் அங்கிருந்து சைக்கிள் மிதித்து வந்து, அளந்து, பூஜ்யம் எழுதிவிட்டு, முகூர்த்தத்துக்குத் திரும்பிப் போனான். அதுவோ பங்குனி மாசம், வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. கழன்ற கேஸ் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

அப்படிப்பட்டவனைக் கெடுத்தது நான்தான்.

எண்பதாம் வருஷம் எங்களுக்கு ஐப்பசி முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. நெல் கதிர் தள்ளாமலே கருகியது. எல்லாம் முடிந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. கருமாதி முடிந்த பிறகு டாக்டர் வந்த கதை. ஆனால் சர்க்காருக்குப் பயிர் தெரியாது, மில்லிமீட்டர்தான் தெரியும். அந்த மூன்று நாளைச் சேர்த்துவிட்டால் காகிதத்தில் எங்கள் ஊருக்கு நல்ல மழை. வறட்சி என்று அறிவிக்க மாட்டார்கள். கிஸ்தி தள்ளுபடி வராது. கூலி ஜனங்களுக்கு ஏரியில் மண் எடுக்கிற வறட்சி வேலையும் வராது.

முதல் நாள் காலையிலேயே சடையப்பன் தலையில் கோணியோடு வந்து நின்றார். ஆறு ஏக்கர் கருகக் கொடுத்த மனிதர்.

"கயனில ஒரு கதிர் இல்ல சார். பேப்பர்ல மட்டும் மய பேஞ்சி யாருக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார்.

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பாண்டுரங்கனைக் கூப்பிட்டு, பூஜ்யம் எழுதிவிடு என்றேன்.

"தண்ணி கீது சார். இல்லன்னு எப்டி எழுதறது?" என்றான்.

அரை மணி நேரம் பேசினேன். அசையவில்லை. கடைசியில் அவன் மனைவி அம்முலு வந்தாள். நடவும் அறுப்புமாகக் கூலிக்குப் போகிறவள். அந்த வருஷம் அறுக்க ஒன்றுமில்லை. நனைந்த புடவையோடு ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாள்: "நீ அளந்துக்கினே இரு. நம்ம தெருவுல நாப்பது வூட்ல அடுப்பு எரியல. அத எதுல அளப்ப?"

மூன்று நாளும் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் எழுதினான். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. வறட்சி அறிவித்தார்கள். அம்முலு தெருவே ஏரிக்கு மண் எடுக்கப் போனது. சடையப்பன் எனக்கு ஒரு பறங்கிக்காய் கொடுத்தனுப்பினார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

எண்பத்து நாலில் கனகா என்ற பெண் மெட்ராஸிலிருந்து வந்தார். ஆராய்ச்சி மாணவி. கண்ணாடியும் தோள்பையுமாக யார் இறங்கினாலும் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் கல்வெட்டு பார்க்க வந்ததாக நினைத்துக் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். இவரையும் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார்கள். நம் கப்பல்கள் அண்டார்க்டிகாவுக்குப் போய் வர ஆரம்பித்திருந்த காலம். அங்கே குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகுமாம். உறைவது ஒரு வருஷம் அகலமாகப் பரவும், ஒரு வருஷம் சுருங்கும். அதற்கும் நம் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறாராம். உத்திரமேரூரில் மழை பெய்யாததற்குத் தென்துருவம்தான் காரணம் என்று நிரூபணமானால் எங்கள் இலாகா தப்பித்தது என்று சந்தோஷப்பட்டேன்.

டீ கொண்டுவந்த பாண்டுரங்கன் நகராமல் நின்று கேட்டான். அங்கே பனியைத் துளைபோட்டுக் கம்பம் கம்பமாக எடுப்பார்கள், ஒவ்வொரு வருஷப் பனியும் ஒரு அடுக்காக இருக்கும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கனகா.

"அப்ப வருசா வருசம் பேஞ்சது அதுலயே எழுதி கீதா?"

"ஆமா. யாரும் மாத்தி எழுத முடியாது."

பிறகு அவர் ரிஜிஸ்டரைத் திறந்து, அந்த மூன்று பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தார். "என் கணக்குப்படி எண்பதுல இங்கெல்லாம் மழை பொய்க்கணும் சார். ஆனா வாலாஜாபாத்ல ஆரம்பிச்சு சுத்தி எல்லா ஊர்லயும் இந்த மூணு நாள் கொட்டினதா எழுதியிருக்கு. அந்த ரிஜிஸ்டரெல்லாம் பார்த்தேன். ஒரே மை, ஒரே நாள்ல உட்கார்ந்து எழுதினது. இது ஒண்ணுதான் பதினோரு வருஷமா தினம் தினம் எழுதினது. அதனால அதெல்லாம் தள்ளிட்டு உத்திரமேரூரைத்தான் நம்பப்போறேன். தீசிஸ்ல இவர் பேரைப் போட்டு நன்றி சொல்லி, ஒரு காப்பியும் அனுப்புறேன்."

நான் இருமினேன். பாண்டுரங்கன் சும்மா இருந்திருந்தால் போதும். அவன் பெயர் அச்சில் வந்திருக்கும்.

"அம்மா, அந்த மூணு நாளும் பேஞ்சிது," என்றான். "அறுவத்திரெண்டு புள்ளி நாலு. எம்பத்தொண்ணு. முப்பத்தேயு புள்ளி ரெண்டு."

"பின்னே ஏன் பூஜ்யம்னு எழுதினீங்க?"

"எழுதிட்டேன்மா. தப்புதான்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையோ அயோக்கியத்தனம் செய்திருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

"வேற எந்தெந்த நாள் இப்படி?"

"வேற இல்லமா. மூணே நாள்தான்."

"அதை நான் எப்படி நம்புறது?"

அவன் ரிஜிஸ்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கனகா யாரிடமும் புகார் செய்யாமல் மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார். பாண்டுரங்கன் மறுநாள் எட்டரைக்கு வழக்கம்போல அளந்தான்.

எண்பத்தெட்டில் தபாலில் அந்த தீசிஸ் வந்தது. அனுப்புகிறேன் என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. தடியான இங்கிலீஷ் புத்தகம். பாண்டுரங்கன் அதை என் மேஜையில் வைத்து, "நம்ம ஊரு எங்க கீதுன்னு பாருங்க சார்" என்றான்.

தேடினேன். வாலாஜாபாத் இருந்தது, ஒரே மையில் எழுதிய அத்தனை ஊரும் இருந்தன. எங்கள் ஊர் கடைசியில், பொடி எழுத்தில் இரண்டு வரியாக இருந்தது. வேறு ஏதாவது படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். இதைவிட அற்ப விஷயங்களுக்குப் பொய் சொன்னவன் நான். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். முடியவில்லை.

"உத்திரமேரூர். அளவெடுப்பவர் நம்பத்தகுந்தவர் அல்ல. எல்லா வருஷப் பதிவுகளும் நீக்கப்பட்டன," என்று தமிழில் சொன்னேன்.



"மூணு நாள்னு போடலயா சார்?"

"இல்லப்பா."

"எத்தினி நாளுன்னே போடலயா?"

"இல்லை."

புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தான். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். அந்த இரண்டு வரியில் எண் இல்லை.

"நம்பக் கூடாதுன்னா நம்பக் கூடாதுதான், அது நாயம்," என்றான். "ஆனா அந்தம்மாவும் அளக்காமதான் சார் எழுதிகீது."