பென்குயினின் பனிக்கிரகம்

உறைந்த மீன் கிடங்கில் பெட்டி அடுக்கும் அவரைச் சக ஊழியர்கள் 'பென்குயின்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மைனஸ் இருபதில் கொஞ்ச நேரம் வேலை பார்த்தால், வெளியே வந்து ஹீட்டர் அறையில் கையைச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் விழுந்தடித்து ஓடுவார்கள். இவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

"நமக்கு உடம்பு மாறிடுச்சுப்பா," என்பார்.

இந்த ஞானம் வந்தது, மீசை அரும்பும் வயதில் படித்த ஒரு விஞ்ஞான நாவலிலிருந்து. பனிக்கிரகத்தில் குடியேற்ற ஒருவனைத் தயார்செய்கிறார்கள்: தோலைத் தடிமனாக்கி, ரத்தத்தை மாற்றி, வலி நரம்பையும் அறுத்து. அவன் வெற்றுடம்போடு பனியில் இறங்கி நடப்பான். அந்த நடையில் சொக்கிப்போனவர்தான், இன்றுவரை தெளியவில்லை.

போன வாரம் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி, அதைப் பிடித்தபடியே மனைவியிடம் பேசிக்கொண்டு நின்றார். அவள் அலறிய பிறகுதான் பார்த்தார். வலது கை விரல்கள் வெந்திருந்தன.

"பழகின கை, டாக்டர்," என்றார்.

"பழகலைங்க, மரத்துப்போச்சு. குளிரை விட்டு வந்தா உணர்ச்சி திரும்பலாம். இல்லேன்னா விரலே போயிடும்."

கட்டுப்போட்ட கையோடு பழைய நாவலைத் தேடி எடுத்தார். மனைவி பக்கத்தைப் புரட்டிவிட, இந்த முறை நரம்பு அறுக்கும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"அவன் திரும்பி வந்தானா?" என்றாள்.

"அதை எழுதலையே."

"பொண்டாட்டி இருந்தாளா?"

"ராக்கெட் கிளம்புறப்போ கையாட்டுவா. அதோட சரி."

"நல்லாருக்கே. தோலை மாத்த அத்தனை டாக்டரு, அவளை ஒரு வார்த்தை கேக்க ஆளில்லையா?"

எழுத்தாளருக்காகப் பரிந்துபேச வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் மேலாளரிடம் வெளிவாசல் வேலை கேட்டார்.

"உங்களை நம்பித்தானே உள்ளே வேற ஆளே போடாம இருக்கோம்?" மேலாளர் உண்மையிலேயே மனம் புண்பட்டுப்போனார்.

"இனிமே போடுங்க சார்."

லாரிகள் வந்து நிற்கும் வாசலில் முதல் நாளே வியர்த்துக் கொட்டியது. உள்ளே போகிறவர்கள் எல்லாம், "என்ன பென்குயின், உருகிடுவீங்க போலிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மதியம் மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"லாரிக் கம்பியைப் பிடிச்சேன், சுடுது."

"எந்தக் கையில?"

கட்டுப்போட்ட வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இடதுல," என்றார்.