கடைசிப் பாலும் கண்ணாடிக் குச்சியும்

சில நாட்கள் நான் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டர் ஒன்றைச் செருகிக்கொண்டு திரிந்தேன். ஐம்பத்தொரு வயதில், அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற ஆள் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதைப் பெரிய தெர்மாமீட்டர் என்று நினைத்து, தனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். அவருக்கே அதை வைத்துப் பார்த்திருக்கலாம். சேதம் குறைவாக இருந்திருக்கும்.

எல்லாம் படிப்பினால் வந்த வினை. பசு இனங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காது வெற்றிலை போல மடிந்து தொங்கும் கிர், செம்மண் நிறத்துச் சாஹிவால், குடம் குடமாகக் கறக்கும் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன், அவ்வளவு கறக்காவிட்டாலும் கொழுப்பில் குறைவைக்காத ஜெர்சி. மற்றவர்கள் போனில் பேரப்பிள்ளைகளின் படம் வைத்திருக்கும் வயதில் நான் பொலிகாளைகளின் படம் வைத்திருந்தேன். ஒரு மாடு வாங்கி வளர்க்கலாம் என்று மட்டும் தோன்றியதே இல்லை. சாணி அள்ள வேண்டும் என்பதும் படித்ததுதான்.

உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். அவருடைய பசு எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நாட்டு மாட்டுக்கும் ஜெர்சிக்கும் பிறந்த கலப்பு; குள்ளம், சிவப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பகலெல்லாம் சீமைக்கருவேலின் காய்ந்த காயை, நெத்தை, தேடித் தின்னும். சாயங்காலம் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பார். பக்கத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும்போது நாங்கள் பேச்சை நிறுத்துவோம். பசு அசைபோடுவதை நிறுத்தாது. மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒருநாள் இரண்டு பேர் அதைக் கன்றுக்குட்டி என்று கேலி செய்ய, நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பக்கமாகப் போன நான் குறுக்கே புகுந்து, உயரத்தை வைத்துப் பாலை மதிப்பிடக் கூடாது, இதில் ஜெர்சி இரத்தம் ஓடுகிறது, இது நல்ல மாடு என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பால் மாறியது. காய்ச்சி ஆறவைத்தால் ஆடையைக் கரண்டியால் மடித்து எடுக்க வேண்டியிருந்தது. தயிர்ப் பாத்திரத்தைச் சாய்த்தால் தயிர் நகர மறுத்தது. என் மனைவி வெண்ணெய் எடுத்து, முருங்கை இலை போட்டு உருக்குகிற நாளில், பக்கத்து வீட்டார் ஒரு காரணமும் இல்லாமல் உப்பு கேட்டு வந்தார்கள். ஆறிய நெய் பொன் நிறத்தில் மணல் மணலாக உறைந்தது. சுடுசோற்றில் அதை விட்டுப் பிசையும்போது எனக்கு உலகத்தின்மேல் இருந்த குறைகள் பாதி மறந்துபோயின.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை நல்ல பால் எத்தனை நல்லது என்று எண்ணிக்கையில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். லாக்டோமீட்டர் வாங்கினேன். கலப்படமில்லாத பாலில் அந்தக் கண்ணாடிக் குச்சி இருபத்தெட்டுக்குக் குறையாமல் காட்டி மிதக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் அமிழும் என்று படித்திருந்தேன். எங்கள் பாலில் அது இருபத்திரண்டு வரை அமிழ்ந்தது. மறுநாளும் அதே கதை. நெய்யைப் பார்த்த பிறகும் குச்சியை என்னத்துக்குப் பார்ப்பது என்று மனைவி கேட்டாள். அவள் இதைப் பற்றி எதுவும் படித்ததில்லை என்பதால் நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாவின் பாலில் பெரும்பகுதி ராமேஸ்வரம் சாலையில் இருக்கும் டீக்கடைக்குப் போகிறது. அந்தக் கடை விட்டுப்போனால் மாட்டை விற்க வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்கள் வீட்டுப் பாலில் ஒரு சொம்பு கொண்டுபோய், வடை தின்றுகொண்டிருந்த நாலைந்து பேர் முன்னால் குச்சியை அமிழ்த்திக் காட்டினேன். டீக்கடைக்காரருக்குப் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பழக்கம் உண்டு. அந்த நேரம் பார்த்து மொபெட் வந்து நின்றது. நாளையிலிருந்து பாக்கெட் பால் வாங்கிக்கொள்கிறேன் என்று, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், பாய்லரைப் பார்த்துக் கடைக்காரர் சொன்னார்.

அந்த அம்மா சொம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒரு சொட்டுத் தண்ணி சேத்ததில்லண்ணே,” என்றார். குரல் உயரவே இல்லை. “காலையில ரெண்டு பேரும் மாட்டுக் கொட்டத்துக்கு வாங்க. அந்தக் குச்சியவும் கொண்டாங்க.”

போனோம். கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிட்டு, மற்ற மூன்றிலும் கறக்க ஆரம்பித்தார். முதலில் வந்ததை ஒரு சொம்பில் எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். லேசாக நீலம் பாரித்த, மெலிந்த பால். அடுத்து வந்ததைக் கேனில் கறந்தார். மடி வற்றிய பிறகும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு காம்பாக நிதானமாக ஒட்ட உருவி, கடைசியில் வந்ததை இன்னொரு சொம்பில் பிடித்தார். அது சந்தனம் கரைத்த மாதிரி இருந்தது.

நுரை அடங்கி ஆறட்டும் என்று நானே முறைப்படி காத்திருக்கச் சொன்னேன். மெலிந்த பாலில் குச்சி முப்பதைக் காட்டிக் கம்பீரமாக மிதந்தது. சந்தனப் பாலில் இருபத்திரண்டுக்கு அமிழ்ந்தது. டீக்கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். எட்டுகிற தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை.

“அப்ப இதுல தண்ணி எங்கனருந்து வந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

மோரில் வெண்ணெய் மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கொழுப்பு லேசானது, அது கூடினால் பாலும் லேசாகும், குச்சி அமிழும். தண்ணீரைக் கண்டாலும் வெண்ணெயைக் கண்டாலும் அந்தக் குச்சி ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். மடியில் கொழுப்பு கடைசியில்தான் இறங்கும். நான் தண்ணீர் என்று ஊருக்குக் காட்டியது நான் தின்ற நெய்யைத்தான்.

“கடைசிப் பால எங்க கடைக்குத் தரலையே,” என்றார் டீக்கடைக்காரர், வருத்தமாக.

“நீங்க எம் மாட்ட ஒருநாளாச்சும் நல்ல மாடுன்னு சொல்லிருக்கீகளாண்ணே? ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாரும் சிரிச்சப்ப இந்தண்ணன்தான் சொன்னாக. அதான் அவுக வீட்டுக்குன்னு தனியாப் புடிச்சு வைக்கேன்.”

நான் பசுவைப் பார்த்தேன். என் சொற்பொழிவுக்கு இத்தனை நாளாக அது தன்னிடமிருந்த சிறந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குள்ள உடம்பு, நெத்தையும் பருத்திக்கொட்டையையும் வைத்துக்கொண்டு, இந்த உப்புக் காற்றில் நின்று செய்கிற வேலையை என் போனில் இருந்த காளைகளின் வாரிசுகள் செய்யுமா என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால் செய்யும் என்று படித்ததைத்தான் சொல்லியிருப்பேன்.

டீக்கடைக்காரர் கேனைத் தானே தூக்கி மொபெட்டில் வைத்தார். அன்று நான் கடையில் உட்கார்ந்து, முந்தின நாள் வடை தின்றவர்கள் ஒவ்வொருவராக வர வர, குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கொழுப்பின் எடையையும் விளக்கினேன். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சொம்பு இருந்தது. சின்னதில் இருந்த பால் நீலம் பாரித்திருந்தது. இது எதற்கு என்று மனைவியைக் கேட்டேன். பால் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்த அம்மா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

“பெரிய சொம்பு நெய்க்கு, மதினி. சின்னதுல மொதப் பாலு, அண்ணனுக்கு. மெதக்கவிட்டு வெளையாண்டுக்கிட்டு இருக்கட்டும்.”