அடுப்பை அணைத்துவிட்டுச் சேதி சொன்னவர்

அவள் புருஷன் செத்த அன்று, சேதி கொண்டுவந்தவர் வாசலில் நின்று சொல்லவில்லை. சத்தமில்லாமல் உள்ளே வந்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து தணலை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். பானையை இறக்கி ஓரமாக வைத்தார். அவள் இடுப்பிலிருந்த பெண்குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "உக்காரு தங்கச்சி" என்றார்.

ரயில்வே லைனில் அவருக்குக் கால்பாய் என்று பேர். டிரைவர், ஃபயர்மேன் வீடுகளுக்குப் போய் வேலைக்கு அழைத்து வருகிற உத்தியோகம். தலை நரைத்தும் இங்கிலீஷில் 'பாய்', பையன்தான். "ரயில்வேயில எனக்கு மட்டும் வயசே ஏறலை பாருங்க" என்று அவரே சிரிப்பார்.

லைன் என்றால் மூன்று வரிசை வீடுகள். முன்வரிசையில் டிரைவர்கள், நடுவில் ஃபயர்மேன்கள், சாக்கடையோரம் கரி அள்ளுகிறவர்களும் ரயில்பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கிறவர்களும். முன்வரிசைக்கு இரண்டு அறை, பின்வரிசைக்கு ஒன்று. புகைக்கரி மட்டும் வரிசை பார்க்காமல் எல்லார் துணியிலும் விழுந்தது.

யார்டில் யாராவது அடிபட்டால் இன்ஜின் ஷெட்டுச் சங்கு விடாமல் ஊதும். குழாயடியில் பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நிற்பார்கள். உயிர் போயிருந்தால் வீட்டுக்குச் சொல்ல அனுப்புவதும் கால்பாயைத்தான். அதனால் வெறும் டூட்டிக்குக் கூப்பிட வரும்போது தெருமுனையிலேயே "டூட்டி! டூட்டி!" என்று கத்திக்கொண்டே வருவார். கத்தாமல் வந்தால், கடவுளே, யார் வீடோ.

முதன்முதல் சேதி சொல்லப் போனபோது வாசலில் நின்றே சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் மயங்கி அடுப்பின்மேலேயே விழுந்தாளாம். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். அவர் செய்தது இரக்கம். ஆனாலும் நல்ல காரியத்துக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. "அந்த ஆளு நம்ம வாசலைத் தாண்டிப் போனாத்தான்டி எனக்கு மூச்சே வருது" என்று குழாயடியில் பேசுவது அவர் காதிலும் விழும். கேட்காதவர் மாதிரி போய்விடுவார்.

புருஷன் யார்டில் போனதற்கு ஈடாக அவளுக்கு ஷெட்டில் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். வீடு தப்பியது. பக்கத்து வீடு கால்பாயுடையது. மனைவி இல்லை, ஒரே மகன். அவனும் யார்டில் பெட்டி கோக்கிறவன். இவளை அத்தை, அத்தை என்று சுற்றி வருவான்.

ஒருநாள் மத்தியானம் கால்பாய் காய்ச்சலில் படுத்திருந்தபோது சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஷெட்டு மேஸ்திரி தொப்பியைக் கையில் பிடித்தபடி குழாயடிக்கு வந்து நின்றார்.

"கால்பாய் மகன்மா. ரெண்டு பெட்டிக்கு நடுவுல."

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேஸ்திரி தொடர்ந்தார்:

"சங்கு கேட்டா அந்த மனுஷன் படுத்திருக்க மாட்டார். சட்டையப் போட்டுக்கிட்டு நேரா யார்டுக்கு வந்துடுவார். பிள்ளை இன்னும் அங்கேயேதான் கிடக்குறான். அந்தக் கோலத்துல அவர் பார்க்கக் கூடாதும்மா. யாராவது முன்னாடி போய்ச் சொல்லுங்களேன்."

"நீங்கதானே மேஸ்திரி? நீங்க போங்க" என்றாள் முன்வரிசைக்காரி.

"என்னால ஆகாது தாயி. பத்து வீட்டுக்கு அவரைச் சேதி சொல்ல அனுப்பினவன் நான்."

கால்பாயின் பக்கத்து வீட்டுக்காரி அவள்தான். குடத்தைக் கீழே வைத்தாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் கடவுளைக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

கால்பாய் நின்றபடி காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு வீடு தங்கச்சி? எனக்கு உடம்பு சரியில்லைன்னு எவனாவது புதுப்பையனை அனுப்பிடப் போறாங்க. அவனுங்க வாசல்ல நின்னே கத்திடுவானுங்க. வழிய விடு, நான் போறேன்."

அடுப்பில் அவருக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவரைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். பாத்திரத்தை இறக்கினாள். தணலை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்று சத்தம் வந்தது.

பொத்தானில் இருந்த விரல் அப்படியே நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பக்கத்துல ஆள் யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்க அண்ணே. கூட்டாளிங்க இருந்தாங்க."

"சரி."

அடுப்பைப் பார்த்தார். பிறகு, "அந்த ஓரத்துல இன்னும் ஒரு கங்கு எரியுது பாரு" என்றார். அவள் அதையும் அணைத்தாள். அதன் பிறகுதான் அவர் அழுதார்.

அப்புறம் அவரைச் சேதி சொல்ல யாரும் அனுப்பவில்லை. வருஷங்கள் போயின. கரி வண்டிகள் நின்றன. ஷெட்டை மூடினார்கள். சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கடைசியில் வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கதவுகளில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அவளை, கல்யாணமாகிப் போன மகள் வந்து வெளியூருக்கு அழைத்துக்கொண்டாள். வண்டியில் சாமான் ஏற்றும்போது கால்பாயும் ஒரு கை கொடுத்தார்.

"எங்ககூட வந்துடுங்க அண்ணே. இடிக்கப் போற வீட்டுல தனியா எப்படி?"

"இடிக்கட்டும். என் பிள்ளை இங்கதானே போனான்."

அவள் அழுதாள். அவர் பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். பிறகு அவள் பக்கமாக வந்து, காய்ந்த உதட்டில் ஒரு சிரிப்போடு சொன்னார்:

"அங்க போனப்புறம் யாரு வந்து தட்டினாலும் பயப்படாம கதவத் திற தங்கச்சி. கெட்ட சேதி கொண்டு வர்ற ஆளு இங்கயேதான் இருக்கேன்."