ஏழு தண்ணீர்க் கோழி

நாலாவது தண்ணீரைக் கொட்டிவிட்டு எழிலரசி அக்கா ஐந்தாவதற்குக் குழாயைத் திறக்கிறார். கோழிக்கு ஏழு தண்ணீர். ஆறாவதில் ஒரு கைப்பிடி மஞ்சள் தூள். "மஞ்சளு பட்டா எந்தக் கிருமி நிக்கும், சொல்லு?"

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில் அவருடைய மெஸ். நாலு மேசை. கோழிக் கத்தியின் பிடியில் சிவப்புத் துணி, காய்க் கத்தியில் பச்சை. மாறிவிட்டால் கத்திக்குக் கொதிநீர், மாற்றியவருக்குத் திட்டு. சமையலறை ஜன்னலில் மலை தெரியும்; அக்காவுக்கு அந்த மலையேதான் சாமி. "சாமி பாத்துக்கினு இருக்குது. அவரு மூஞ்சிக்கு நேராவா கவுச்சிய அலசுவாங்க?" என்று மலைக்கு முதுகு காட்டித்தான் கழுவுவார். அப்படி நின்றால் எதிரே இருப்பது சைவத் தட்டுகளை நிறுத்தி வைத்த பலகை.

சைவம் என்றால் பத்திர எழுத்தர் பரசுராமன் சார். கோழி வேகும் இடத்தில் தயிர்சாதம் சாப்பிட அவர் சம்மதிக்கவே ஒரு வருடம் ஆனது. அவரை நம்பி இன்னும் எட்டு சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர் முகம் சுளித்தால் ஒன்பது பேரும் போய்விடுவார்கள். எவர்சில்வரில் வாடை ஒட்டுகிறது என்று அவர் சந்தேகப்பட்டதால், போன வாரம் வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வந்தன.

நான் நுண்ணுயிரியல் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். வேலை தேடிக்கொண்டு இங்கே சாப்பிடுகிறேன். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருக்கலாம், கழுவினால் அது போகாது, தெறித்துப் பரவும், நன்றாக வெந்தால்தான் சாகும் என்று மூன்று முறை சொன்னேன்.

"கழுவாத கோழிய உங்க காலேஜில துன்னுவாங்களா, கண்ணு?"

என் அம்மாவும் ஏழு தண்ணீர்தான். அவரிடமே சொல்லத் துணியாத பாடத்தை ஊராரிடம் ஏன் ஒப்பிக்கிறேன் என்று தோன்றியது.

புதன்கிழமை பேச்சை விட்டுவிட்டேன். ஆறாவது தண்ணீர் முடிந்ததும் ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து அவர் முன் நீட்டினேன். மஞ்சள் புள்ளிகள். எண்ணினார். பதினொன்று. அடுத்த தட்டை அவரே எடுத்துப் பார்த்தார்.

"இது எத்தினி நாளாம்மா?"

"மெஸ் ஆரம்பிச்சதுல இருந்து இருக்கும்க்கா. எவர்சில்வர்ல தெரியல."

வாந்தி, பேதி, காய்ச்சல் என்று நான் அடுக்கியபோதெல்லாம் அசையாதவர் சுவரில் சாய்ந்துவிட்டார். "அந்த மனுசனுக்கு அஞ்சு வருசமா கோழித்தண்ணி தெளிச்சிருக்கேனே."

அன்று ஏழாவது தண்ணீர் நடக்கவில்லை. தட்டுகள் சோப்பும் கொதிநீரும் கண்டு அலமாரிக்குள் போயின. மறுநாள் முதல் கோழி கவரிலிருந்து நேராகச் சட்டிக்குப் போனது. அக்கா முழங்கை வரை சோப்புப் போட்டார், குழாயின் திருகுக்கும் போட்டார்.

சனிக்கிழமை பரசுராமன் சார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா எழிலு, ரெண்டு மூணு நாளா தயிர்சாதத்துல ருசி கம்மியா இருக்குதே. எதையாச்சும் போடாம வுட்டுட்டியா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறந்து அவர் தட்டில் ஒரு கரண்டி வைத்தார். கொஞ்சம் நின்று, இன்னொரு கரண்டி வைத்தார்.