கப்பலுக்கு அடியில் என் வேலை

இந்த ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் நாம் யார் காலையாவது மிதித்துவிட்டால், மிதிபட்டவரே 'ஸாரி' சொல்கிறார். வேலையில் சேர்ந்த அன்று, கடலில் முக்குளிக்கும் கல்லம் என்பவனின் காலை மிதித்துவிட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டான். என்ன தப்பு செய்தானோ என்று நினைத்து, 'பரவாயில்லை' என்றேன்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பல்களின் அடிப்பாகத்தைச் சோதிப்பது எங்கள் வேலை. கேமரா பொருத்திய ரோபோ ஒன்று கேபிளோடு தண்ணீருக்குள் போகும். அது அனுப்பும் படத்தில், இரும்புத் தகட்டின் மேல் எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் அதைச் சுற்றிக் கட்டம் போடும். நான் கரையில் உட்கார்ந்து பார்ப்பேன். முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது டியூப்லைட்டுக்குக் கீழே பிஸ்டன்களைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேடிய அதே கண்கள்தான். அங்கே கண் எரியும். இங்கே விரல் விறைக்கும். முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் என் மனைவி செல்வி மட்டும் இதை நம்பவே இல்லை. கப்பலுக்கு அடியில் வேலை என்றால் ஆள்தான் முங்க வேண்டும் என்பாள். பருத்திப்பட்டு ஏரியில் முழங்கால் தண்ணீருக்கே பயந்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. ரோபோ நுழைய முடியாத இடுக்கு ஒன்றைப் பார்க்கக் கல்லம் இறங்கினான். கப்பலைத் தள்ளும் விசிறியில் சுற்றிக் கிடந்த பழைய மீன்வலை அவனைப் பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில், ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அவன் குரலும் நின்றுபோனது. இன்னொரு முக்குளிப்பவர் உடை மாட்டுவதற்குள் நான் ரோபோவை அனுப்பினேன். ஒரே கலங்கல். தகட்டில் ஒட்டியிருந்த சிப்பிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கட்டம் போட்டுக்கொண்டே வந்தது. அதில் ஒரு கட்டம் நகர்ந்தது. சிப்பி நகராதே! "தோ, அங்க!" என்று தமிழில் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. திரையில் விரலை வைத்துக் காட்டினேன். வலைக்கு வெளியே நீண்டிருந்த கல்லமின் கை அது. ரோபோவின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போன அந்த இன்னொரு முக்குளிப்பவர் வலையை அறுத்து அவனை மேலே கொண்டுவந்தார். இருமிக்கொண்டே டீ கேட்டான்.

செல்விக்குப் போன் செய்தேன்.

"இன்னாய்யா, கொரலு ஒரு மாதிரி கீது?"

"ஒருத்தன் தண்ணில மாட்டிக்கினான். இட்டாந்துட்டோம்."

"நீ எங்க கீந்தே?"

"கரைலதான். மிஷின்தான் உள்ள போவுது. எத்தினி தபா சொல்லிக்கீறேன்?"

"மெய்யாலுமா?" பெருமூச்சு விட்டாள். பிறகு, "அந்தாளு பொண்டாட்டியாண்ட சொல்ட்டீங்களா?"

"அவனே சொல்ட்டான்."

அவள் அழுதுகொண்டே சிரித்தது கேட்டது.

வலையை எடுத்ததும் கப்பல் புறப்பட்டது. அடுத்த துறைமுகம் சென்னை. அது கண்ணுக்கு மறையும்வரை கல்லமும் நானும் கரையில் நின்றோம். "ஹோம்?" என்று கேட்டான். நான் கப்பல் போன திசையைக் காட்டினேன். அவன் புரியாமல், வீட்டில் இறக்கிவிடவா என்பதுபோல் கையிலிருந்த கார் சாவியை ஆட்டிக் காட்டினான்.